இருபது ரிங்கிட்டா, இருநூறு ரிங்கிட்டா? வீட்டு மின்னணுப் பழுதுக்கு ஏற்ற திருப்புளித் தொகுப்பு

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் கைப்பேசியோ மடிக்கணினியோ கெட்டுப்போனால் பட்டணத்துக் கடையில் கொடுப்பது அல்லது ஈப்போவுக்குக் கொண்டுபோவது என்பதே நெடுங்கால வழக்கம். தாமே திறந்து பார்க்கத் துணிந்தவர்கள் அண்மைக் காலத்தில் கூடியிருக்கிறார்கள். 2020, 2021 ஆம் ஆண்டுகளில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையின்போது இல்லிருப்புக் கற்றலுக்கென்று பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்த மடிக்கணினிகளின் மின்கலம் இப்போது தளர்ந்துவிட்டது. விசிறியில் தூசி அடைத்துக்கொண்டு ஓயாமல் இரைகிறது. மின்கலத்தை மாற்றுவதும் தூசியைத் துடைப்பதும் பொறுமையுள்ள எவரும் செய்யக்கூடிய வேலைகளே. ஆனால் கருவியைத் திறக்கும் முன்பே, எந்தத் திருப்புளித் தொகுப்பை வாங்குவது என்ற இடத்தில் பலர் நின்றுவிடுகிறார்கள். “அண்ணே, நூற்றுப் பதினைந்து பிட் இருக்கிற பெட்டியை வாங்கவா, இல்லை ஜப்பான் சாமான் இரண்டே இரண்டு வாங்கினால் போதுமா?” என்று தாமான் (குடியிருப்புப் பகுதி) இளைஞர்கள் கேட்கும் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது என்பதால் இந்த ஒப்பீடு.

எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல் நுனியின் பொருத்தம். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் பிட்டுகளின் (கைப்பிடியில் மாற்றி மாற்றிச் செருகும் நுனிகளின்) எண்ணிக்கையைவிட, நமக்குத் தேவைப்படும் நான்கைந்து நுனிகள் திருகாணியின் தலைக்குழிக்குள் ஆடாமல் அசையாமல் உட்காருகின்றனவா என்பதே முதன்மையானது. ஹென்றி பிலிப்ஸ் என்ற அமெரிக்கர் 1930களில் காப்புரிமை பெற்றுப் பரப்பிய கூட்டல் குறித் தலையைத்தான் நாம் எங்கும் காண்கிறோம். அதன் குழிச்சுவர்கள் சாய்வானவை. ஆகையால் அழுத்தம் சற்றுக் குறைந்தாலும் நுனி மேலேறி வழுக்கும். பெரிய திருகாணியில் அப்படி வழுக்கினால் ஒரு கீறல்தான் விழும். தலையே இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலமுள்ள திருகாணியில் இரண்டு முறை வழுக்கினால் குழி வட்டமாகத் தேய்ந்துவிடும். அதன்பிறகு அந்த வேலை வேறு ஆளுடையது, செலவும் வேறு. மின்னணுக் கருவிகளில் பிஎச்000, பிஎச்00, பிஎச்0, பிஎச்1 என்ற நான்கு அளவுகளே பெரும்பாலும் வருகின்றன. பிஎச் என்பது பிலிப்ஸைக் குறிக்கும்; சுழியங்கள் கூடக்கூட நுனி சிறுக்கும். பிஎச்00 தேவைப்படும் இடத்தில் பிஎச்000 நுழைந்து, சுழலவும் செய்யும் என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. குழிக்குள் நுழையக்கூடிய நுனிகளில் எது மிகப் பெரியதோ அதுவே சரியான நுனி.

இதோடு ஜப்பானியத் தரமான ஜேஐஎஸ் குறுக்குத் தலை என்ற ஒன்றும் உண்டு. பார்வைக்குப் பிலிப்ஸ் போலவே இருக்கும். பல திருகாணிகளின் தலையில் ஒரு சிறு புள்ளி பொறித்திருப்பதுதான் அடையாளம். பிலிப்ஸ் நுனி இக்குழியின் அடிவரை முழுமையாக இறங்காது. ஜேஐஎஸ் நுனியோ இரண்டிலும் ஏறக்குறைய நன்றாகவே உட்காரும். ஜப்பானிய விளையாட்டுக் கருவி, கேமரா, இசை விசைப்பலகை ஆகியவற்றைத் திறப்பவர்கள் இந்த வேறுபாட்டை அறிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது அளவுகோல் எஃகு. மலிவான பிட்டுகள் பெரும்பாலும் குரோம் வனேடியம் எஃகால் ஆனவை என்று பெட்டியில் எழுதியிருக்கும். இடைவிலையில் வருபவை எஸ்2 என்ற கருவி எஃகால் ஆனவை. எஸ்2 கடினமானது, அதிர்ச்சியையும் தாங்கும்; ஆகவே மெல்லிய நுனி முறியாமல் நெடுநாள் உழைக்கும். ஆனால் அதில் குரோமியம் மிகக் குறைவு என்பதால் துருப்பிடிக்கும் இயல்பு அதிகம். மாலை தவறாமல் மழை கொட்டும் ஊரில் பெட்டியைக் குசினி ஓரத்தில் வைத்திருப்பவர்கள் சில மாதங்களிலேயே பழுப்புப் புள்ளிகளைக் காண்பார்கள். பிஸ்கட் டின்னில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு மூடி வைத்தால் போதும்.

மூன்றாவது, எட்டும் நீளம். பிட் மாற்றும் வகைத் திருப்புளியில் பிட்டைப் பிடித்திருக்கும் கழுத்து தடிமனாக இருக்கும். பிட்டோ ஏறத்தாழ 28 மில்லிமீட்டர்தான். குறுகலான ஆழக் குழிக்குள் திருகாணி இருந்தால், கழுத்து வாயிலேயே முட்டி நின்றுவிடும். நான்காவது, தேய்ந்த பிட்டைத் தனியாக வாங்க முடியுமா என்பது. 4 மில்லிமீட்டர் அறுகோணத் தண்டு பரவலான அளவு. தொகுப்புக்கென்று தனி அளவு வைத்திருப்பவற்றில் ஒரு பிட் போனால் முழுப் பெட்டியும் போனதுபோலத்தான்.

கடைசியாக விலை. இதில் பெட்டியின் விலையை மட்டும் பார்க்கக்கூடாது. 2025 பிப்ரவரி முதல் நடப்பிலுள்ள குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். 26 வேலை நாள்களுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 65 ரிங்கிட்டுக்குச் சற்று மேல். ஓர் இடைவிலைத் தொகுப்பு ஒரு நாள் உழைப்பை விழுங்கும் என்பதை மறந்துவிட்டு, நல்லதை வாங்குங்கள் என்று அறிவுரை கூறுவது எளிது. வெளிநாட்டிலிருந்து இணையவழி வரவழைத்தால் இன்னொன்றும் சேரும்: 500 ரிங்கிட்டுக்கு மேற்படாத இறக்குமதிப் பொருள்களுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு.

முதலில் வீட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

தொகுப்பைத் தேர்ந்தெடுக்கும் முன் வீட்டிலுள்ள கருவிகளைக் கவிழ்த்துப் பார்த்துத் திருகாணித் தலைகளைக் குறித்துக்கொள்வது நல்லது. பொதுவாக வருபவை இவை. மாடலுக்கு மாடல் மாறக்கூடும்.

| கருவி | வெளியே | உள்ளே |
|---|---|---|
| பெரும்பாலான விண்டோஸ் மடிக்கணினிகள் | பிஎச்0, பிஎச்00. சில மெல்லிய வகைகளில் டோர்க்ஸ் (ஆறு முனை நட்சத்திரத் தலை) டி5 | பிஎச்00, பிஎச்0 |
| மேக்புக் | ஐந்திதழ்த் தலை பி5 | டோர்க்ஸ் டி3 முதல் டி5 வரை, பிஎச்000 |
| ஐபோன் | ஐந்திதழ்த் தலை பி2 | பிஎச்000. ஐபோன் 7 முதல் மூன்று முனை ஒய்000உம் |
| ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் | பெரும்பாலும் பசை | பிஎச்00, பிஎச்000 |
| நின்டெண்டோ ஸ்விட்ச் | மூன்று முனை ஒய்00, சிறு குறுக்குத் தலை | சிறு குறுக்குத் தலை |
| எக்ஸ்பாக்ஸ் ஒன் கைப்பிடி | நடுவில் குமிழ் உள்ள டோர்க்ஸ் டி8 | மாறுபடும் |
| தொலை இயக்கி, சுவர்க் கடிகாரம் | பிஎச்0, பிஎச்00 | அதே |
| நிற்கும் காற்றாடி | பிஎச்2 | பிஎச்2 |

கடைசி வரியைக் கவனியுங்கள். காற்றாடிக்கு நுண் திருப்புளி தேவையில்லை. சாதாரணத் திருப்புளி போதும். சிறு தொகுப்பின் பிட்டைக் காற்றாடியில் போட்டு முறுக்குவதுதான் வீட்டில் நுனிகள் முறியும் பொதுவான வழி.

இருபது ரிங்கிட்டுக்குள் கிடைக்கும் தொகுப்பு

மிஸ்டர் டிஐஒய் கிளையிலும் இரவுச் சந்தையிலும் பட்டணத்து இருப்புச் சாமான் கடையிலும் முப்பதுக்கு மேற்பட்ட பிட்டுகளோடு இவை கிடைக்கும். பொருத்தம் என்ற முதல் அளவுகோலில் இவை பெட்டிக்குப் பெட்டி வேறுபடும்; ஒரே பெட்டியிலேயே பிஎச்0 நன்றாக இருந்து பிஎச்000 மழுங்கியிருக்கக்கூடும். தொலை இயக்கி, பொம்மை, கடிகாரம், மூக்குக் கண்ணாடி, எப்போதோ ஒருமுறை திறக்கும் பழைய மடிக்கணினி ஆகியவற்றுக்கு இது போதும் என்பதே என் கருத்து. வேலை முடியுமா முடியாதா என்று தெரியாத நிலையில், முயன்று பார்க்கும் ஆர்வத்துக்கு இந்தத் தொகை நியாயமானது.

மறைந்திருக்கும் செலவு திருகாணியில்தான் இருக்கிறது. தானாகக் கழலாதிருக்கப் பூட்டுப் பசை தடவிய மடிக்கணினித் திருகாணியில் மென்மையான நுனி இரண்டு சுற்று வழுக்கினால், அந்த ஒரு திருகாணியைத் துளையிட்டு எடுக்கக் கடையில் கேட்கும் கூலி நல்ல தொகுப்பின் விலையைத் தொட்டுவிடும். பிறருடைய கைப்பேசியை இதைக் கொண்டு திறக்க ஒப்புக்கொள்ளாதீர்கள்.

எஸ்2 எஃகில் வரும் இடைவிலைத் தொகுப்பு

ஏறத்தாழ நாற்பது முதல் தொண்ணூறு ரிங்கிட் வரையில், 24 முதல் 60 பிட்டுகளோடு, 4 மில்லிமீட்டர் தண்டும் காந்தப் பிடியும் சுழலும் தலைமூடியும் கொண்டு வருபவை இவை. மேலே சொன்ன அட்டவணையில் உள்ள ஏறக்குறைய எல்லாத் தலைகளுக்கும் இந்த வகையில் நுனி இருக்கும். சுழலும் தலைமூடியின் பயனைப் பலர் அறிவதில்லை. உள்ளங்கையாலோ சுட்டுவிரலாலோ மூடியை நேர் கீழாக அழுத்திக்கொண்டு, கட்டைவிரலாலும் நடுவிரலாலும் தண்டைத் திருக வேண்டும். முதல் கால் சுற்றுக்கு அழுத்தம் முறுக்கைவிட அதிகமாக இருக்க வேண்டும். இப்பழக்கம் வந்துவிட்டால் தலை தேய்வது பெருமளவு குறையும்.

மாதம் ஒருமுறையாவது எதையாவது திறப்பவர், வீட்டில் ஐபோனும் மடிக்கணினியும் இரண்டும் வைத்திருப்பவர், பக்கத்து வீட்டுக்காரரும் தேடிவரும் அளவுக்குக் கைராசி உள்ளவர் ஆகியோருக்கு இதையே முதல் தேர்வாகச் சொல்வேன். வாங்கும்போது பிட்டுகளின் எண்ணிக்கையைப் பார்க்காமல், பிஎச்000, பிஎச்00, பிஎச்0, பிஎச்1, பி2, பி5, ஒய்000, ஒய்00, டி3 முதல் டி8 வரை ஆகியவை பெயரோடு குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். டி8இல் நடுத்துளை உண்டா என்பதையும் கேளுங்கள். துளையில்லாத டி8 எக்ஸ்பாக்ஸ் கைப்பிடியின் குமிழில் முட்டிக்கொண்டு உள்ளே இறங்காது.

குறை என்றால் நீளந்தான். விளையாட்டுக் கைப்பிடிகள், சோற்றுப் பானைகள், சில மின்மாற்றிப் பெட்டிகள் ஆகியவற்றில் திருகாணிகள் ஆழ்ந்த குழிக்குள் இருக்கும். சில தொகுப்புகளில் நீட்டிப்புத் தண்டு தருகிறார்கள். அதன் தடிமனும் பல குழிகளுக்குப் பெரிதே. இன்னொரு செலவும் உண்டு: தொகுப்பை வாங்கியதும் வேலை தொடங்கிவிடாது. பிளாஸ்டிக் நெம்புகோல், உறிஞ்சி, பசை நாடா ஆகியவை தனி. பசையால் ஒட்டிய கைப்பேசியில் திருப்புளிக்கு வேலை மிகக் குறைவு. சூடாக்கித் திறப்பதும் திரும்ப ஒட்டுவதும்தான் பெரும் வேலை. தண்ணீர் புகாத் தன்மையும் திறந்த பிறகு முன்போல் இருக்கும் என்று நம்பக்கூடாது.

நூறு பிட்டுக்கு மேற்பட்ட பெரும் பெட்டி

கண்ணுக்கு நிறைவாக இருக்கும். மேலதிகப் பிட்டுகளில் பாதி, ஒரே தலையின் இடை அளவுகளும், நம் வீட்டில் என்றுமே வராத பாதுகாப்புத் தலைகளும்தான். அதே விலையில் குறைந்த பிட்டுள்ள பெட்டியின் எஃகு பெரும்பாலும் மேலானதாக இருக்கும். முக்கோணத் தலையும் இரட்டைத் துளைத் தலையும் அடிக்கடி காணும் வீட்டு மின்சாதனப் பழுதுக்காரருக்கு மட்டுமே இது பொருந்தும்.

தனித்தனியாக வாங்கும் ஜப்பானியத் திருப்புளிகள்

1916இல் தொடங்கப்பட்ட ஒசாகாவின் வெசல் போன்ற நிறுவனங்களின் நுண் திருப்புளிகள் ஒன்றொன்றாகக் கிடைக்கும். நுனியும் தண்டும் கைப்பிடியும் ஒரே துண்டாக, மாற்ற முடியாதபடி இருக்கும். பிட் மாற்றும் வசதி இல்லையே என்று தோன்றலாம். அந்த வசதி இல்லாததாலேயே ஆட்டமும் இல்லை. தண்டு நீண்டு மெலிந்திருப்பதால் ஆழக் குழிக்குள்ளும் இறங்கும். நுனியின் வெட்டு துல்லியமாக இருப்பதைத் திருகாணியில் வைத்த உடனே கை உணரும். திருப்புளியை விட்டால்கூடச் சில திருகாணிகளில் அது சாயாமல் நிற்கும்.

கூட்டல் குறி 00, 0, 1 என்ற மூன்றையும் வாங்கினால், விண்டோஸ் மடிக்கணினி வேலையில் பெரும்பகுதியும் ஜப்பானிய விளையாட்டுக் கருவி வேலையில் பாதியும் முடிந்துவிடும். செலவு ஓர் இடைவிலைத் தொகுப்பை எட்டிவிடும் என்பது உண்மை. டோர்க்ஸும் ஐந்திதழும் மூன்று முனையும் தனியே வாங்க வேண்டும் என்பதால், ஆப்பிள் கருவிகளை மட்டும் திறக்கப் போகிறவருக்கு இவ்வழி வீண். ஆனால் பழைய மடிக்கணினிகளைச் சுத்தம் செய்து கொடுப்பவருக்கு இதைவிட நல்லதில்லை. இதே வரிசையில் கூட்டல் குறி 2 ஒன்றையும் சேர்த்துக்கொண்டால், ஈஎக்ஸ்5 கப்சாய் மோட்டார் சைக்கிளின் திருகாணிகளுக்கும் அது உதவும். அவற்றின் தலைகளும் ஜப்பானியத் தரத்தவையே. வெளிப்பட்டணத்தில் இவற்றைத் தேடி அலைய வேண்டியிருக்கும். இணையத்தில் வாங்கினால் போலிகள் கலந்திருப்பதால், விலை மிகவும் குறைந்திருந்தால் ஐயுறுவது நலம்.

என் விருப்பத்தைக் கேட்டால், சிறியதோர் எஸ்2 தொகுப்பும் அதனோடு 00, 1 ஆகிய இரண்டு தனித் திருப்புளிகளும் என்பேன்.

பெயர்பெற்ற உயர்விலைத் தொகுப்பு

2003இல் கலிபோர்னியாவில் தொடங்கிய ஐஃபிக்ஸிட்டின் 64 பிட் மாக்கோ தொகுப்பும், ஜெர்மனியின் வீஹா, வேரா ஆகியவற்றின் நுண் திருப்புளிகளும் இந்த வகையின. நுனிகள் சீராக இருக்கும், பிட்டுகள் பெட்டியில் ஒழுங்காக உட்காரும், நிறுவன உத்தரவாதமும் உண்டு. மலேசியாவில் நூற்றைம்பது ரிங்கிட்டைத் தாண்டுவது வழக்கம். வரியும் அனுப்புகைச் செலவும் அதற்கு மேல். உத்தரவாதம் எத்தனை ஆண்டுக்கானதாக இருந்தாலும், முறிந்த பிட்டை எங்கே, யார் செலவில் அனுப்ப வேண்டும் என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். கூலிக்குப் பழுது பார்ப்பவருக்கு இச்செலவு விரைவில் திரும்பிவிடும். ஆண்டுக்கு இரண்டு முறை திறப்பவர் இடைவிலைக்கும் இதற்கும் இடையிலான வேறுபாட்டைத் தம் கையில் உணர்வது அரிது.

இத்தகைய தொகுப்புகளில் நிலைமின் காப்புள்ள (உடலில் சேரும் நிலைமின்சாரம் கருவியின் பலகையைத் தாக்காதபடி தடுக்கும்) கைப்பிடிக்குக் கூடுதல் விலை வைப்பதுண்டு. காற்றில் ஈரம் மிகுந்த நம் வீடுகளில் அதற்காக அதிகம் கொடுக்க வேண்டியதில்லை. குளிரூட்டி ஓடும் வறண்ட அறையில் வேலை செய்பவர் மட்டும் கவனிக்கலாம். நிலைமின் காப்பும் மின்காப்பும் வேறு வேறு. எந்த நுண் திருப்புளியும், 1000 வோல்ட் முத்திரை இல்லாதவரை, 230 வோல்ட் ஓடும் இடத்தில் பயன்படுத்தத் தக்கதன்று.

மின்கலத் திருப்புளி

பேனா வடிவில் வரும் இவற்றைக் காணும்போது ஆசை எழும். விசைப்பலகையை மாற்றும்போது முப்பது நாற்பது சிறு திருகாணிகளை ஒரே மூச்சில் கழற்ற வேண்டியிருக்கும் சில மடிக்கணினிகளில் இது நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் மோட்டாரின் முறுக்கு மிகக் குறைவு. இறுகிய திருகாணியைக் கையால் இளக்கிவிட்டுத்தான் பொத்தானை அமுக்க வேண்டும். திரும்பப் பூட்டும்போது பிளாஸ்டிக் மரையில் கோணலாக ஏற்றிவிடும் வாய்ப்பும் அதிகம், ஏனெனில் மரை சரியாகப் பிடித்ததா என்பதை விரல் உணர்வதற்குள் மோட்டார் சுற்றிவிடுகிறது. உள்ளிருக்கும் மின்கலம் சில ஆண்டுகளில் தளரும் என்பது மறைந்திருக்கும் செலவு. இரண்டாவது கருவியாக வாங்கலாம், முதலாவதாக வேண்டாம்.

எதையும் வாங்காமல் கடையில் கொடுப்பது

இதையும் ஒரு தேர்வாகவே எண்ண வேண்டும். மின்கலம் உப்பிய கைப்பேசி, இடி விழுந்து கருகிய தொலைக்காட்சியின் மின்பலகை, மைக்ரோவேவ் அடுப்பு ஆகிய மூன்றுக்கும் எவ்வளவு நல்ல தொகுப்பு இருந்தாலும் வீட்டில் கைவைக்கக் கூடாது. மைக்ரோவேவின் மின்தேக்கி, செருகியைப் பிடுங்கிய பின்னும் உயிரைப் பறிக்கும் அளவு மின்னூட்டத்தை வைத்திருக்கும். உப்பிய லித்தியம் மின்கலத்தில் உலோக நுனி குத்தினால் தீப்பிடிக்கும். ஆண்டில் ஒரே ஒரு வேலை, அதுவும் ஐபோன் திரை என்றால், உதிரியையும் பசையையும் கருவியையும் கூட்டிக் கணக்கிட்டுப் பாருங்கள். பட்டணத்துக் கடையின் கூலி பெரிதாகத் தோன்றாது.

காசு கொடுக்கும் முன்

கடையில் வாங்குபவர், திறக்க எண்ணும் மடிக்கணினியைக் கையோடு கொண்டுபோவது நல்லது. பிஎச்00, பிஎச்0 பிட்டுகளை எடுத்து அடிப்பக்கத் திருகாணியில் வைத்து, திருகாமல் பக்கவாட்டில் மட்டும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் அடுத்த அளவைப் பாருங்கள். எந்த அளவும் பொருந்தாவிட்டால் அந்தப் பெட்டி வேண்டாம். பிட்டைப் பிடியில் செருகி இழுத்தால் எளிதில் கழன்று வரக்கூடாது. நுனியைக் கைப்பேசி விளக்கில் காட்டினால் நான்கு இதழ்களும் சமமாகத் தெரிய வேண்டும். பெட்டியைத் திறந்து பார்க்க விடாத கடையிலும், சோதிக்கவே முடியாத இணையத்திலும் வாங்குவதாக இருந்தால், திருப்பிக் கொடுக்கும் நாள்வரையைப் படித்துவிட்டு, அந்த நாள்களுக்குள் முதல் வேலையைச் செய்து பார்த்துவிடுங்கள்.

அந்த முதல் வேலைக்கு ஒரு தாளும் வேண்டும். மடிக்கணினியின் அடிப்பக்கத்தைத் தாளில் வரைந்து, கழற்றும் திருகாணி ஒவ்வொன்றையும் அதன் இடத்திலேயே நாடாவால் ஒட்டி வையுங்கள். அவற்றின் நீளம் ஒன்றுபோல் இருப்பதில்லை. பழைய ஐபோன்கள் சிலவற்றில் நீளமான திருகாணியைக் குறுகிய துளையில் ஏற்றியதால் கீழே உள்ள தாய்ப்பலகையின் மின்தடங்கள் அறுந்து போனதுண்டு. மூடியைத் திறந்ததும் முதல் வேலை மின்கலத்தின் இணைப்பியைப் பிளாஸ்டிக் நெம்புகோலால் பிடுங்குவதுதான். பிட் எவ்வளவு விலை உயர்ந்ததானாலும் அதன் காந்த நுனியில் தொற்றிய திருகாணி நழுவி, மின்சாரம் உள்ள பலகையில் விழுந்தால் பலகை போய்விடும்.